மறறவர பினனெ வர

பதினான்காம் ஏட்டைக் கேமராவின் கீழ் வைக்கிறேன்.
ஈரப்பதம் ஐம்பத்தைந்து. குளிர் இருபது.
பெக் ஹூன் பூசிய எலுமிச்சம்புல் எண்ணெய்
விக்டோரியா தெருவுக்கு மேலே இந்த மாடியெங்கும்
கொசுவத்தியாக மணக்கிறது.
"கொசு வராது. சாமி வருமா?" என்கிறாள்.
கையுறையை உதறிவிட்டு டீ குடிக்கப் போகிறாள்.

எழுதியவன் பெயர் கடைசி ஓலையில் பாதி:
…குட்டி மகன் …ண்டன்.
மீதி பூச்சிக்குப் போயிற்று.
ஐந்நூறு வயது என்கிறது பதிவேடு.
படியைப் பார்த்துப் படி, அதைப் பார்த்து இன்னொரு படி;
நாலைந்து கைகளின் நடுக்கம் இதில் இருக்கிறது.

மலைக்கு நடப்பவர்களின் பாட்டும் கூத்தும்.
பாட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் கட்டளைகள்:
இங்கே கை தட்டுக.
இங்கே இடமாகச் சுழல்க, பிள்ளை சுமந்தவள் நீங்கலாக.
ஓடை வரும்; தாளத்தைத் தலைக்குமேல் பிடி.
முந்நூறாம் படியில் பாட்டை நிறுத்து,
மூச்சைப் பாடவிடு.

ஒன்பதாம் பாட்டுக்கு மெட்டு
'வெற்றிலைக்காரி' என்றிருக்கிறது.
அதன்கீழ் இரண்டு வரி, சுரண்டி அழித்தவை.
அகச்சிவப்பு விளக்கைப் போட்டேன்.
ஐந்நூறு வருஷத்து வெட்கம் கலைந்து
அவள் இடுப்பு திரையில் வந்து நின்றது.
தனியறையில் சத்தமாகச் சிரித்தேன்.
பெக் ஹூனுக்குப் பாதிதான் மொழிபெயர்த்தேன்.
மறுபாதியைக் கேட்டு அரைமணி நேரம் நச்சரித்தாள்.

சிக்கல் பதினான்கில்தான்.
புள்ளி குத்தினால் ஓலை கிழியும்;
அவன் குத்தவில்லை.
ரகரமும் துணைக்காலும் அவனுக்கு ஒரே கோடு.
மறறவர பினனெ வர.
மற்றவர் பின்னே வர, நீ முன்னே நட என்கிறானா?
மற்றவர் பின்னே வா, முந்தாதே என்கிறானா?
தஞ்சாவூர்ப் பேராசிரியர் 'வர' என்று எழுதினார்.
யாழ்ப்பாணத்தவர் 'வா' என்றார், அடிக்கோடிட்டு.
மூன்று வாரம் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
கடைசியில் நார் மட்டும் தெரிந்தது.

தைப்பூசத்துக்கு முந்திய இரவு.
எனக்கு நேர்த்திக்கடன் எதுவும் இல்லை.
மைத்துனன் சேந்தனுக்குக் காவடி;
எனக்கு அவன் தண்ணீர்ப் புட்டி, செருப்பு,
அவன் மனைவியின் கைப்பை.
சிராங்கூன் சாலையில் உறுமி அதிர்ந்தபோது
என் பல்லும் அதிர்ந்தது.
செலிகி முனை தாண்டி ஒரு பலகை:
இசை இதற்கு மேல் இல்லை.
உறுமி நின்றது.
சேந்தன் கால் நிற்கவில்லை.
நாற்பது அடி, ஐம்பது அடி,
சலங்கை, சலங்கை,
பிறகு அதற்குள்ளிருந்து
ஹ… ஹ… என்று வேறொன்று.
சாலையில் படி எதுவும் இல்லை.
ஆனாலும் மனசு முந்நூறு என்று எண்ணியது.

மஞ்சள் சட்டைத் தொண்டூழியப் பையன்
ஒளிரும் குச்சியை ஆட்டிக்கொண்டு என்னிடம் சொன்னான்:
"அக்கா, நிக்காதீங்க,
முன்னாடி போறவங்க பின்னாலயே வாங்க."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவன் பயந்துபோனான்.
நின்றதற்கு மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன்.
பால்குடம் ஏந்திய ஒருத்தி என் முதுகைப் பார்த்தே நடந்துவந்திருக்கிறாள்,
அவள் முதுகைப் பார்த்து இன்னொருத்தி,
தெருவிளக்கு எட்டும் மட்டும் குடங்கள்.
அத்தனை பேருக்கு முன்னால்
ஒரு ஜோடி ஆண் செருப்போடு நான்.

டேங்க் ரோட்டை அடைந்தபோது பொழுது விடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை படிவம் திறந்து கிடக்கிறது.
வாசிப்பு என்று ஒரே ஒரு கட்டம்.
'வர' அடித்தேன், அழித்தேன்.
'வா' அடித்தேன்.
விசைப்பலகைக்குச் சந்தேகமாக எழுதத் தெரியவில்லை.
அவனுக்குத் தெரிந்திருந்தது.

பெக் ஹூன் தோள்மேல் எட்டிப் பார்த்து
"இந்த மெட்டு எப்படிப் போகும்?
கொஞ்சம் பாடிக் காட்டு" என்கிறாள்.
தெரியாது என்றேன்.
வெற்றிலைக்காரியைத்தான் கேட்க வேண்டும்.