வள்ளத்தில் ஒரு கிடை

கார்த்திகை அடைமழைக்குக்
கரிசல் கூழாகிக் குளம்பு அழுகும்.
அதனால்தான் மூக்கையூர் மணல்மேட்டுக்கு ஏறினோம்,
நூற்றெண்பத்து நாலு உருப்படியும்
நாங்கள் மூன்று பேரும்
ஒரு தார்ப்பாயும்.

மணல் தண்ணீரைக் குடித்துவிடும்.
ஆடுகள் உப்புக்காற்றை நக்கிக்கொண்டு நிற்கும்.

கீதாரி என் புருஷன், சாத்தையா.
அவர் எண்ணினால் எப்போதும் கூடும்,
நான் எண்ணினால் குறையும்.
அன்றைக்கு இரண்டு பேருக்குமே ஒன்று குறைந்தது:
காது கிழிந்த மறி, நிறைசினை.
அறுபது உருப்படி கமுதிக்காரருடையது. இது என்னுடையது,
கல்யாணத்தில் அம்மா வீட்டில் ஓட்டிவிட்டதன் பேத்தி.

டார்ச்சுக்குப் பாதி உயிர்.
கருவேலம் புதரெல்லாம் தடவிவிட்டுக்
கடைசியில்தான் கடல் பக்கம் போனேன்.
ஆடு அங்கே போகாது என்ற நினைப்பு.

கரையேற்றிய வள்ளத்துக்குள் நின்றது.
எப்படி ஏறியதோ.
சுருட்டிய வலைமேல் ஈன்று
பாதி நக்கி விட்டிருந்தது.

நாலு மணிக்கு வந்தார் வள்ளக்காரர் மிக்கேல்பிச்சை.
பதினோரு நாளாய் மடி காய்ந்த வலை அது.
"என் மடியில விழுந்தது எனக்குத்தானே?" என்றார்.
சிரிக்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை.

வயலில் ஒரு ராத்திரி கிடை கிடந்தால்
வயல்காரர் எங்களுக்குக் கூலி தருவார்.
வள்ளத்தில் கிடந்தால் யார் யாருக்குத் தருவது?
நான் கேட்கவில்லை.
அவர் பீடி பற்றவைத்தார்.
"எந்திரிச்சு நிக்கட்டும்."
கிழக்கு வெளுத்தும் உட்கார்ந்தே இருந்தார்.
மற்ற வள்ளங்கள் போய்விட்டன.

குட்டியை அவர்தான் தூக்கி இறக்கினார்.
மேட்டில் கொண்டுவந்து விட்டேன்.
தாய் முகர்ந்தது.
வலைவாடை, பீடிவாடை, ஆம்பளைக் கைவாடை.
முட்டித் தள்ளியது.

ஈரமணலால் தேய்த்தேன்.
அதன் பாலையே கறந்து குட்டி முதுகில் தடவினேன்.
நஞ்சுக்கொடியை எடுத்துத் தாய் மூக்கில் பூசினேன்.
அது கழுத்தை என் முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு
உச்சிப்பொழுதுவரை நின்றேன்.
என் பிள்ளைக்குக்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை.

பிறகு ஏதோ ஒரு நேரத்தில்
குட்டியின் வால் துடித்தது.

மறுநாள் நூற்றெண்பத்தஞ்சு.
சாத்தையாவுக்கு நூற்றெண்பத்தாறு.

தண்ணீரிலிருந்து ஒரு குரல்:
"தாய் சேத்துக்கிச்சா?"
மீதியைக் காற்று தின்றது.
கம்பை உயர்த்திக் காட்டினேன்.

அவர் வலையில் என்ன பட்டது என்று கேட்க
எனக்குச் சாடை தெரியவில்லை.