தொண்ணூற்றொன்று

எனக்குத் தொண்ணூற்றொன்று.
நொமுந்தாரிக்கு ஐம்பத்தெட்டு.
அறுபது இருந்தால்தான் கரை.

உலான்பாத்தரில் ஜனவரி.
விட்ட மூச்சு மப்ளரில் உப்பாய்ப் பூக்கும்.
நிலக்கரிப் புகை வகுப்புக்குள்ளும் வந்து
கடைசி பெஞ்சில் எங்களோடு உட்காரும்.
மண் இயக்கவியல். வீட்டிலிருந்து எழுதி வரலாம்.
கேள்வி ஒன்றே ஒன்று:
குளிரில் நிலம் ஏன் மேலெழுகிறது?

நூலகப் படிக்கட்டுக்கு அடியில்
கன்சோரிக் கடை விரித்திருந்தான்.
கடை என்றால் ஒரு பென்டிரைவ்.
பக்கத்துக்கு நாலாயிரம் துக்ரிக்.
ஆறு பக்கம் வாங்கினேன்.
பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான்,
மரியாதைக்காரன்.

"உனக்கும் சேர்த்துப் பேசட்டுமா?"
"வேண்டாம்" என்றாள் நொமுந்தாரி.
கோபமில்லை, உபதேசமில்லை.
சாப்பிட்டு முடித்தவள்
இன்னொரு கரண்டியை மறுப்பதுபோல.

பேனாவை அக்குளில் வைத்து மை இளக்கி
அவளே எழுதினாள்:
நீர் உறைந்தால் விரியும், விரிந்தால் மண் எழும்.
மூன்று பக்கம். எல்லாம் அவளுடையது,
தவறு உட்பட.

மதிப்பெண் ஒட்டிய அன்று
அழுவாள் என்று கைக்குட்டையோடு நின்றேன்.
தன் எண்ணைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.
"எந்த இடத்தில் விட்டேன்?" என்று முணுமுணுத்தபடி
பேருந்துக்கு நடந்தாள்.
யாரையும் திட்டவில்லை, தன்னையும்கூட.
தோற்றவர்களின் நடை எனக்குத் தெரியும்.
இது அது இல்லை.

குன்றுச் சரிவில் அவள் வீடு,
பலகை வேலிக்குள் ஒரு கெர் கூடாரம்.
தினம் இருமுறை தண்ணீர்க் கடையில் வரிசை,
தள்ளுவண்டியில் இரண்டு கேன்.
நிற்கும் நேரத்துக்கென்றே ஒரு குறிப்பேடு.
தேதி, அதன் கீழே ஒரு கேள்வி.
விடை கிடைத்த கேள்விக்கு மட்டும் அடிக்கோடு.
கோடுகள் குறைவுதான்.
கோடில்லாத பக்கங்களை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, போன்:
"வா, வேலியை அளக்கணும்."

டேப்பின் ஒரு முனை என் கையில்.
பக்கத்து மின்கம்பம் ஆழமாய் ஊன்றியது, அசையாது.
அதன் ஆணிக்கு நேராக அக்டோபரில் நின்ற வேலித்தலை
இப்போது பதினொரு சென்டிமீட்டர் மேலே.

"உறையும் நீர் ஒன்பது சதவீதம்தான் விரியும்.
இந்த மண்ணில் இருந்த ஈரம் இவ்வளவு தூக்காது.
அப்போ மிச்சத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"
என்னைக் கேட்கவில்லை. வேலியைக் கேட்டாள்.
"கீழேயிருந்து!
எங்கே உறையுதோ அங்கே
அடியீரம் ஏறி ஏறி வருது,
தகடு தகடாப் பனியாகுது!"
குதித்தாள். இமையில் பனி, மூக்கில் சளி.

மதிப்பெண் மாறாது.
அடுத்த ஆண்டு அதே தாள், அதே கட்டணம்.
அது தெரிந்தும்
குறிப்பேட்டைப் பிரித்து அடிக்கோடிட்டாள்,
இரண்டு தடவை.

"புதுசா இருக்கே" என்றேன்.

அன்றிரவு விடுதியில்
என் தொண்ணூற்றொன்றை வெளியே எடுத்தேன்.
மூன்றாம் பக்கம், நாலாம் வரி:
உறைமுனை நோக்கி அடிநீர் மேலேறுகிறது.
ஓரத்தில் பேராசிரியரின் சிவப்பு: அருமை.
யாரைச் சொன்னார்?

அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொன்னாள்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.
முதல் வரியிலிருந்து படித்தேன்.
இரண்டாம் வரியே புரியவில்லை.
அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
வேலிபோலக் கொஞ்சம் சாய்ந்து.

என் பெயருக்குப் பிறகு
அந்த ஆறு பக்கத்தில்
நான் எழுதியது அது ஒன்றுதான்.