ஏழாவது கட்டம்

படிவத்தில் ஏழாவது கட்டம்: சமயம்.
ஒரு விரற்கடை அகலம்.
பேனா நுழையும். நான் நுழைய நேரமானது.

குடியாத்தம் தாலுகா ஆபீஸ் வாசலில்
பிளாஸ்டிக் மேசை போட்டு மனு எழுதும் ஜெயவேலு நல்லவர்.
எனக்கென்றால் பத்து ரூபாய் குறைத்தே வாங்குவார்.
"இந்துன்னு போடும்மா, ஆதிதிராவிடர்னு வந்துரும்.
பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கையில கெடச்ச மாதிரி.
இயேசுவ மனசுல வச்சிக்கோ,
யாரு தொறந்து பாக்கப் போறாங்க?"

மனசில்தான் வைத்திருக்கிறேன்.
அங்கே நெருக்கடி:
சீட்டுக் கடன், அவருக்குச் சர்க்கரை,
ஆறு வருடமாய் ஓயாத ஒரு லாரிச் சத்தம்.

பேரணாம்பட்டில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
அடுத்த மெஷினில் நஃபீசா.
நூல் மாற்றும் இடைவெளியில் கேட்பாள்,
சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள:
"கடவுள் எப்பிடிக்கா சாவாரு?"

ஐயர் கொடுத்த சிறு புத்தகத்தில் பதில் இருந்தது.
மூன்று வசனம், ஒரு முக்கோணப் படம்.
தொண்டை வரை வந்தது.
வெளியே வந்தது வேறு:
"எம்பையன் மேல்பட்டி ரோட்டுல செத்தான்.
சாவு தெரியாத சாமி
எங்கிட்ட வந்து இன்னா பேசும்?"

அவள் ஒத்துக்கொள்ளவில்லை.
கண்ணைச் சுருக்கி ஊசியில் நூல் கோத்தாள்.
மதியம் அவள் டப்பாவிலிருந்து
என் டப்பாவுக்குப் பாதி முட்டை வந்தது.

கமலக்கண்ணன் வேறு ரகம்.
தங்கை வீட்டுக்காரர், கறுப்புச் சட்டை.
"சாமியே இல்ல, பொய்ச் சத்தியம் மட்டும் ஏது?
எழுதிட்டுப் போங்க.
ஆமா, உங்க கல்லறைத் தோட்டத்து நடுவுல
ஒரு சுவர் நிக்குதே,
அத எந்தக் கர்த்தர் கட்டினாரு?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் படம் இல்லை.
சுவர் இருக்கிறது. இடுப்பளவு.
இந்தப் பக்கம் என் மகன்.
ஈஸ்டருக்கு ஈஸ்டர் வெள்ளையடிக்கிறார்கள்,
அந்தப் பக்கம் மட்டும்.

"சமயத்துக்கு உதவாத சமயம் எதுக்கு" என்றார் இவர்,
மாத்திரையை விழுங்கிக்கொண்டே.

கிறிஸ்தவம் என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை.
நடுங்கியிருந்தால் நன்றாயிருக்கும்.
விசுவாசமா வீம்பா,
இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பி.சி. என்று வந்தது சான்றிதழ்.
மூன்று மார்க் வெளியே நின்றாள் கெசியா.
இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்:
"ஆபிரகாமுக்கு ஆட்டுக்கடா வந்துச்சு.
நமக்கு இன்னாம்மா வந்துச்சு?"

அந்த மலையிலும்
விறகைச் சுமந்தது பிள்ளைதான்.
நான் ஜெபிக்கவில்லை. அரிசி களைந்தேன்.
களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைக் கூட்டம்.
வரவு செலவு வாசித்தார்கள்.
வேறு ஏதாவது உண்டா என்றார்கள், வழக்கம்போல,
இல்லை என்பதைக் கேட்பதற்காக.
எழுந்தேன்.
"சர்க்கார் தாள்ல நான் எழுதனது நெசம்னா
அந்தச் சுவர் பொய்.
ரெண்டுல ஒண்ண அழிங்க."

யாரோ இருமினார்கள்.
பொருளாளர் ஃபைலின் நாடாவைக் கட்டி,
அவிழ்த்து, திரும்பக் கட்டினார்.
பார்க்கலாம் என்றார் ஐயர்.
கடைசி பெஞ்சில் கெசியா தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன்.
மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது.

கேட்டுக்கு வெளியே பைக்கில் கமலக்கண்ணன்,
தங்கையைக் கூட்டிப்போக வந்தவர்.
"கடப்பாரை நம்மகிட்ட இருக்கு.
சாமிக்கு வரமாட்டேன்.
சுவத்துக்கு வரேன்."

திங்கட்கிழமை. அதே மெஷின்.
சனிக்கிழமையே யோசித்து வைத்திருப்பாள் போல:
"மூணாம் நாளு எழுந்தாருன்றியே,
கையில அந்தக் காயம் மட்டும்
ஏங்க்கா ஆறாம இருந்துச்சு?"

நூல் அறுந்தது.
கோத்துக்கொண்டே யோசிக்கிறேன்.