மூன்றாம் இயல்

கலந்தர்லெப்பையை நான் எண்ணிப் படித்தவள்.
முதல் தொகுதியில் ‘இறைவன்’ அறுபத்திரண்டு தடவை.
இரண்டாவதில் பதினொன்று;
அதில் ஒன்பது, பள்ளிவாசல் கணக்கைக் காட்டாத மரைக்காருக்கெதிராய்
அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவை.
மூன்றாவதில் இல்லை.
ஒரு தடவைகூட.

மேற்பார்வையாளருக்கு அது வசதி.
“மதச் சிந்தனை மூன்றாம் இயல்,
அரசியல் நான்காம் இயல்.
ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்கட்டும்.”
நானும் எழுதினேன்:
கவிஞர் படிப்படியாக இறைமறுப்புக்கு வந்தார்.
அடிக்குறிப்பு பதினேழு.

களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்கு ஒரு பஸ்,
அங்கிருந்து சம்மாந்துறைக்கு இன்னொன்று.
என் பொட்டைப் பார்த்துவிட்டு நூலகர் ஜெஸீமா
“எங்கட ஆளையா படிக்கிறீங்க?” என்றாள்.
எல்லாரையும் ஏசின ஆள்தானே, என்றேன்.
“உங்கட ஆக்களையும்தான்.”
சிரித்தோம்.
தொண்ணூறாம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டியபோது
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அச்சுப்படி ஒன்று இருந்தது, கரையான் தின்ற ஓரங்களோடு.
பிழை திருத்தியவரின் சிவப்புப் பென்சில்:
‘பொலி’ என்றே வருகிறது, ‘நெல்’ என மாற்றலாமா?
கீழே அவர் கையெழுத்து, சாய்ந்து, கோபமாய்:
களத்தில் பேர் சொல்லப்படாது.

சூடு அடிக்கும் களத்தில் பேர் சொன்னால்
பூதம் கேட்கும், பொலியை அள்ளிப்போகும்.
இரண்டு ஊருக்கும் தெரிந்த சங்கதி.
எனக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டேதான் எண்ணியிருக்கிறேன்.

வேலியோரம் காது வைத்திருந்தது யார்?
சீருடையா, பொடியன்களா,
ஒரு வெள்ளிக்கிழமை அவரை ஊரைவிட்டு ஒதுக்கிய சபையா?
பூதத்தின் பேரையும் அவர் சொல்லவில்லை.

‘வாரம் கேட்டு வந்தவனுக்கு
வைக்கோலைக் காட்டு.
அளக்கிறவனைக் காட்டாதே.’

நான்காம் இயலில் இருந்தன இந்த வரிகள்.
அளக்கிறவன்: நெல் அளக்கும் கூலியாள்,
என்று நானே பொருள் எழுதியிருந்தேன்.
படியளக்கிறவன் என்று
தினமும் வாயால் சொல்கிற ஊரில் பிறந்துவிட்டு.

கூலியாள் இல்லை என்றும் இப்போது எழுத முடியாது.
இரண்டும் ஒரே மரக்காலைப் பிடித்த கை.

இயல்களைப் பிரிக்க வராது என்று கடிதம் கொடுத்தேன்.
‘கவிஞரின் மத நிலைப்பாடு’ என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டேன்.
பூரணமற்றது என்று திரும்பி வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது.
அதே அச்சுப்படி, கடைசித் தாள், அதே சாய்ந்த எழுத்து:
கடதாசிக் காசு நானூறு, பாக்கி.
யாருக்கு என்று
அதிலும் இல்லை.