தண்ணி போற வழி

மூன்று நாள் லீவு முடிந்து
பெரம்பூருக்குள் நுழைகிறோம்,
கூரைமேல் மூன்று சைக்கிள்,
சுரங்கப்பாலத்தின் உயரக் கம்பிக்குப் பயந்து
ஊரைச் சுற்றிக்கொண்டு.

தடா தாண்டி, வடக்கே காட்டுக்கு
எட்வின் போனில் ஒரு புள்ளிக்கோடு வைத்திருந்தான்.
முதல் நாள் அது தைலமரத் தோப்பு வேலியில் முட்டியது.
மறுநாள் கல்குவாரி.
மூன்றாம் நாள் ஆடு ஓட்டிவந்தவள்
ஷெரினின் கியரைத் தொட்டுப் பார்த்துவிட்டு
பாதித் தெலுங்கில் சொன்னாள்:
"இது பாதையில்லம்மா, தண்ணி போற வழி."
அதில்தான் இறங்கினோம்.
பிரேக்கை விடு, விடு என்று கத்தினான்.
நான் விடவில்லை.
முழங்கை இன்னும் எரிகிறது.

எங்கள் தெருவில் மெட்ரோவுக்கு
மறுபடி தோண்டியிருக்கிறார்கள்.
மழை வேறு. கார் போகாது.
திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்க்கிறான்.

ஷெரின் தன்னுடையதை வாங்கிக்கொண்டு
மண்மேட்டில் ஏறி நிற்கிறாள்.
எந்தப் படியை உரசி, எங்கே திரும்பி,
எந்தக் குழியில் சுழன்று மறைகிறது தண்ணீர்
என்று பார்க்கிறாள்.
வெகுநேரம் பார்க்கிறாள்.

பிரேக்கிலிருந்து விரலெடுத்ததும்
மாடியிலிருந்து ஒரு குரல்:
"ஏய், யார் வீட்டுப் பொண்ணு அது?"

எங்க வீட்டுதுதான்.