இருபத்துநாலு புள்ளி நாலு

நஃப்ரீஸின் கூலர் லொறி தள்ளுண்டுதான் வந்தது.
ஓட்டமாவடிப் பாலத்தால் ஆறு பேர்,
பின்கதவால் ஒழுகிய மீன்தண்ணீர்
கராஜ் வாசல்வரை ஒரே கோடு.

"அறுநூறு கிலோ பாரை, தங்கச்சி.
மத்தப் போட்டும் வரட்டும் எண்டு
ஸ்டார்ட்டில உட்டுட்டுத்தான் படுத்தன்.
கூலர் பெட்டரியக் குடிச்சிட்டு."

ஸ்டார்ட்டில் நின்றால் சார்ஜ் ஏறும் என்று
வாழைச்சேனைத் துறையில் எல்லோருக்கும் நம்பிக்கை.
அறுநூறு சுற்றில் ஓல்டனேட்டர்
கடன் கேட்கப்பட்ட மச்சான்போல
இருக்கு, தாறன், நாளைக்கு வா என்று நிற்கும்.
ஆயிரத்து இருநூறு தாண்டினால்தான்
அதன் கை பைக்குள் போகும்.

டாஷ் பலகையைக் கழற்றினேன்.
மூளைப்பெட்டியில் ஒரு முனை சும்மா கிடந்தது.
அதற்கு எர்த் கொடுத்தால்
கால் படாமலே என்ஜின் ஏறும்.
கம்பனி செய்துவைத்து
ஒருவருக்கும் சொல்லாமல் விட்ட கதவு.

அதைத் திறக்க மூன்று பேர் சம்மதிக்க வேண்டும்.
பெட்டரி இருபத்துநாலு புள்ளி நாலுக்குக் கீழே.
கியர் நியூட்ரலில்.
ஹாண்ட் பிரேக் இழுத்தபடி.

"பிரேக் சுவிட்ச் உடஞ்சி கிடக்கு,
அத உட்டுட்டு நேர குடு" என்றான்.
கொடுக்கவில்லை.
துறையில் விடியப்புறம் இருட்டில்
லொறிக்கு முன்னால் குனிந்து
யார் மீன் பொறுக்குவார் என்று
எனக்கும் தெரியாது, லொறிக்கும் தெரியாது.
பழைய பஸ் ஒன்றின் சுவிட்ச்
எழுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது.
முகத்தைச் சுளித்துத்தான் தந்தான்.

அன்று பின்னேரம் லொறிக்கு விக்கல்.
ஏறும், இறங்கும், ஏறும்,
பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில்
கொத்துப் போடுகிறவர் தாளம் பிசகி
கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.
பிழை என்னுடையதுதான்.
நாலுக்குத் தொடங்கி ஆறுக்கு நிறுத்தச் சொல்லியிருந்தேன்.
தொட்டதும் போதும் என்றது,
விட்டதும் பசி என்றது.

பசிக்கிற இடத்துக்கும் போதும் என்கிற இடத்துக்கும்
இடையில் நடக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும்.
இருபத்தெட்டில் ஏறி இருபது நிமிடம் நிற்கட்டும்,
பிறகு இறங்கட்டும் என்று ரிலேயின் திருகை
ஒரு மயிரிழை திருப்பினேன்.
இதை இன்னும் அழகாய்ச் சொல்லலாம்,
அதற்குள் அவன் மூன்றுதரம் ஹோர்ன் அடித்துவிட்டான்.

மிச்சம் அவன் சொன்னது.
புணானையில் பொலிஸ் மறித்த வரிசை.
முன்னால் பதினொரு வாகனம்.
ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு
சீட்டில் சம்மணம் கட்டித் தூங்கிப்போனான்.
நடுச்சாமம், ஆளில்லாமல் உறுமியது லொறி.
இரண்டு டோர்ச்சும் ஒரு துவக்கும் ஓடிவந்தன.
யார் மிதித்தது என்று சிங்களத்தில் அதட்டல்.
பயத்தில் அவனுக்கு வாய்க்கு வந்தது ஒன்றுதான்:
"பெட்டரியட்ட படகினி, சேர்."

இளம் பொலிஸ்காரர் குனிந்து
பெடலுக்கு டோர்ச் அடித்தாராம்.
அங்கே ஒரு சோடி செருப்பு மட்டும்.
என்ஜின் உறுமிக்கொண்டே இருந்ததாம்.
அந்த நேரத்தில் அது குறையாதது
என் பெயரைக் காப்பாற்றியது
என்று அவன் சொல்லவில்லை.
மூன்று பாரை இறங்கியதைச் சொன்னான்.

நேற்றுப் பகல், தெரியாத நம்பர்.
பாதித் தமிழ், பின்னால் வயர்லெஸ் இரைச்சல்.
"தங்கச்சி, எங்கட ஜீப்புக்கும் படகினி."

பென்சிலைத் தேடினேன்.
"ஹாண்ட் பிரேக் சுவிட்ச்
வேலை செய்யுதா, சேர்?"