மூன்றரை சென்டிமீட்டர் சூரியன்

புகாராவில், ஒரு மணப்பெண்ணின் போர்வையில்
அது வண்டிச் சக்கரம் அளவு.
எனக்குக் கொடுத்திருப்பது
மூன்றரை சென்டிமீட்டர் அகலம், ஐந்து நிறம்,
வெள்ளிக்கிழமை வரை.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயில் போகிறவரை
திரையில் மாதுளை நடுங்குகிறது.
கட்டம் கட்டமாய் அதைச் சுருக்குகிறேன்.
விதைகள் போயின. காம்பு போயிற்று.
சிவப்பு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கோ படித்தது: அங்கே
ஓர் இலையைத் தைக்காமல் விடுவார்களாம்,
வேலை முடிந்துவிடக் கூடாதென்று.
நானும் ஓர் இலையை வெறுமையாய் விட்டேன்.
தறி அதைப் பதினொரு சென்டிமீட்டருக்கு ஒருமுறை
மறக்காமல் விட்டது.
நூறு மீட்டர் உருளையில்
தொள்ளாயிரத்து ஒன்பது விட்டுப்போன இலைகள்.

‘டேமேஜ்’ என்று திருப்பி அனுப்பினார் நேமிசந்த்.

தறி ஓட்டும் டில்லிபாபு
ரிப்பனை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தான்.
“இன்னாக்கா, கேரம் போர்டு
நடு ரவுண்டு மாரி கீது.”
காய் இல்லாமலே
சிவப்பைப் பார்த்து ஒரு சுண்டு சுண்டினான்.

இப்போது எம்.சி. ரோட்டில்
‘கேரம் பார்டர்’ என்று கேட்டால்
மீட்டர் பதினெட்டு ரூபாய்.
டெய்லர் ரோஸ்லின் பாவாடை ஓரத்தில்
இரண்டு வரிசை வைத்து அடிக்கிறாள்,
மேல் வட்டம் ஒரு பக்கம்,
கீழ் வட்டம் ஒரு பக்கம்.
யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்தது சமர்கண்ட். நாலு நிறம்தான்.
நேமிசந்த் கண்ணில் படாமல்
ஓர் இலையை எங்கே விடலாமென்று
திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறேன்.